கைக்குழந்தையோடு நீச்சல் குளத்தில் உடற்பயிற்சி: வாசகிகளின் கேள்விகளும் பதில்களும்

பிரசவத்துக்குப் பிறகு உடம்பைத் தேற்ற நீச்சல் குளம் நல்ல இடம். ஆனால் வீட்டில் குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை, அதையும் தூக்கிக்கொண்டு இறங்கலாமா? இந்த முறை வந்த கேள்விகள் பெரும்பாலும் இதைச் சுற்றியே இருக்கின்றன. இறங்கலாம். ஆனால் குழந்தை கையில் இருக்கும்போது செய்யும் பயிற்சி வேறு, இன்னொருவர் குழந்தையை வாங்கிக்கொண்ட பிறகு செய்யும் பயிற்சி வேறு. விபத்து வருவது இந்த இரண்டையும் கலக்கும் இடத்தில்தான்.

சிசேரியன் ஆகி ஏழு வாரம் ஆகிறது. நானும் குழந்தையும் எப்போது குளத்தில் இறங்கலாம்?

முதலில் உங்கள் உடம்பைப் பார்ப்போம். உதிரப்போக்கு முழுவதும் நின்று குறைந்தது 7 நாள் ஆகியிருக்க வேண்டும். போக்கு இருக்கும்வரை கருப்பைக்குள் நஞ்சுக்கொடி பிரிந்த இடம் ஆறவில்லை என்று பொருள். அந்த நிலையில் பலர் குளிக்கும் நீரில் இறங்கினால் கிருமித் தொற்று வர வாய்ப்புண்டு. தையல் போட்ட இடத்தில் கசிவோ, சிவப்போ, திறந்த புள்ளியோ இருக்கக்கூடாது. ஆறாவது வாரப் பரிசோதனையில் கேட்கவில்லை என்றால் இப்போதே மருத்துவரிடம் "நீச்சல் குளத்தில் இறங்கலாமா?" என்றே நேரடியாகக் கேளுங்கள். பொதுவாக "நடக்கலாம், வேலை செய்யலாம்" என்று அவர் சொல்வதில் இது அடங்காது.

குழந்தைக்குத் தொப்புள்கொடி விழுந்து அந்த இடம் காய்ந்திருக்க வேண்டும். தடுப்பூசிகள் முடியும்வரை காத்திருக்கத் தேவையில்லை என்கிறது பிரிட்டனின் தேசிய சுகாதாரச் சேவை. ஆனால் அங்கே குழந்தைகளை இறக்குவது சூடேற்றிய குளத்தில். நம் ஊர் அடுக்குமாடிக் குளங்களில் பெரும்பாலும் அந்த வசதி இல்லை. அதோடு, நீங்கள் கேட்பது குழந்தையைக் கையில் வைத்துக்கொண்டு பயிற்சி செய்வதைப் பற்றி. அதற்குக் குழந்தையின் கழுத்து நின்றிருக்க வேண்டும். பெரும்பாலும் நான்காம் மாதத்தில் நிற்கும். 6, 10, 14 வாரத் தடுப்பூசிகளும் அதற்குள் முடிந்திருக்கும். அதுவரை நீங்கள் மட்டும் இறங்குங்கள். குறைமாதத்தில் பிறந்த குழந்தை, இதயக் கோளாறோ மூச்சுக் கோளாறோ உள்ள குழந்தை என்றால் குழந்தை மருத்துவர் சொன்ன பிறகுதான்.

ஐந்து மாதக் குழந்தையைக் குளத்தில் இறக்கினால் சளி பிடிக்கும், தலையில் நீர் கோத்துக்கொள்ளும் என்று மாமியார் தடுக்கிறார்.

சளி வைரஸால் வருவது. நீரில் நனைவதால் வராது, தலைக்குள் நீர் இறங்கிக் கோத்துக்கொள்ளவும் செய்யாது. ஆனால் குளிர் பற்றி அவர் பயப்படுவது நியாயம்தான். எடையோடு ஒப்பிட்டால் குழந்தைக்குத் தோல் பரப்பு அதிகம். நடுங்கி உடம்பைச் சூடாக்கிக்கொள்ளும் திறனும் பெரியவர்களுக்கு இருப்பதுபோல் இல்லை. நமக்கு இதமாக இருக்கும் 27 டிகிரி நீரில் குழந்தை வேகமாகச் சூட்டை இழந்துவிடும்.

ஆறு மாதத்துக்குள் இருக்கும் குழந்தைக்கு நீர் 32 டிகிரி செல்சியஸாவது இருக்க வேண்டும். அதற்கு மேல் வயதானால் 30 போதும். கையை விட்டுப் பார்த்து ஊகிக்காதீர்கள். மிதக்கும் தெர்மாமீட்டர் ஒன்று வாங்கி, குழந்தை இருக்கப்போகும் ஆழத்தில் ஐந்து நிமிடம் வையுங்கள். வெயில் பட்ட மேல்நீர் சூடாகவும் ஓர் அடி கீழே குளிர்ந்தும் இருப்பது சகஜம். சூடேற்றாத குளம் மார்கழி, தை மாதங்களில் குழந்தைக்கு ஆகாது. சித்திரை, வைகாசியில் மாலை நாலரைக்கு மேல் இறங்கினால் நீரும் சூடாக இருக்கும், வெயிலும் தணிந்திருக்கும். ஆறு மாதத்துக்குள் சன்ஸ்கிரீன் பூசுவதைத் தவிர்த்து, நிழலையும் முழுக்கை நீச்சல் உடையையும் நம்புங்கள்.

முதல் நாள் 10 நிமிடம் போதும். பிறகு மெல்ல 20 நிமிடம்வரை கூட்டலாம். ஒரு வயதுக்குள் எந்த நாளும் 30 நிமிடத்தைத் தாண்ட வேண்டாம். உதடு நீலம் பாய்வது, தோலில் திட்டுத்திட்டாக நிறம் மாறுவது, நடுக்கம் இவையெல்லாம் தெரிந்ததும் வெளியே வந்துவிட வேண்டும். துள்ளிக்கொண்டிருந்த குழந்தை திடீரென்று அமைதியாகிவிட்டாலும் அப்படித்தான். அதைப் "பழகிவிட்டது" என்று பலர் எடுத்துக்கொள்கிறார்கள். அது குளிரின் அறிகுறியாக இருக்கலாம்.

குழந்தையைக் கையில் வைத்துக்கொண்டு என்னென்ன பயிற்சி செய்யலாம்?

இடம்: நீர் உங்கள் மார்புக்குக் கீழே நிற்கும் ஆழம், சுவருக்குக் கை எட்டும் தூரம். இடுப்புவரை நீரில் நின்றால் கால் தாங்கும் எடை ஏறக்குறைய பாதியாகும். மார்பளவில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்கு இறங்கும். பிரசவத்துக்குப் பின் மூட்டும் இடுப்பும் தளர்ந்திருக்கும் நாட்களில் நீர் உதவுவது இதனால்தான். கழுத்தளவு நீருக்குப் போகாதீர்கள். அங்கே கால் நிலைக்காது, கையில் குழந்தையும் இருக்கும்.

இறங்கும்போது குழந்தையைத் தூக்கிக்கொண்டு இரும்பு ஏணியில் இறங்கக்கூடாது. படிக்கட்டு இருந்தால் ஒரு கையால் கைப்பிடியைப் பிடித்து இறங்குங்கள். ஏணி மட்டும் என்றால் நீங்கள் முதலில் இறங்கி நின்று, கரையில் உட்கார்ந்திருப்பவரிடமிருந்து குழந்தையை வாங்கிக்கொள்ளுங்கள். கூட ஆள் இல்லாத நாளில் பயிற்சியே வேண்டாம். கூட வருபவர் நீச்சல் தெரிந்தவராக இருக்க வேண்டும், கைபேசி அவர் பையில் இருக்க வேண்டும்.

முதல் ஐந்து நிமிடம் நடை. குழந்தையின் முதுகு உங்கள் மார்பில் படும்படி, ஒரு முன்கை அதன் மார்பின் குறுக்கே, மறு கை தொடைக்கு அடியில். குதிகால், பாதம், விரல் என்று முழுவதும் ஊன்றி நடங்கள். நுனிக்காலில் நடந்தால் மறுநாள் கெண்டைக்கால் பிடித்துக்கொள்ளும். அடுத்து பக்கவாட்டு நடை, வலப்பக்கம் 10 அடி, இடப்பக்கம் 10 அடி.

பிறகு உட்கார்ந்து எழுதல். குழந்தையை உங்களைப் பார்க்கும்படி திருப்பி, இரு அக்குளிலும் பிடித்து, முகம் பார்க்கும் தூரத்தில் வையுங்கள். காலைத் தோள் அகலத்துக்கு விரித்து, குழந்தையின் தோள்வரை நீர் வரும் அளவுக்கு மட்டும் கீழே இறங்குங்கள். எழும்போது மூச்சை விட்டபடி, சிறுநீரை அடக்குவதுபோல் அடித்தசையை இறுக்கி எழுங்கள். மூச்சைப் பிடித்துக்கொண்டு எழுந்தால் அழுத்தமெல்லாம் கீழ்நோக்கிப் போய், தளர்ந்த தசை இன்னும் தளரும். எட்டு முறை, ஒரு நிமிட ஓய்வு, மறுபடி எட்டு.

கைக்கு: அதே பிடியில் குழந்தையை நீரிலிருந்து உங்கள் தோள் மட்டம்வரை மெதுவாகத் தூக்கி மெதுவாக இறக்குங்கள், ஆறு முறை. நீருக்கு வெளியே வந்ததும் முழு எடையும் கையில் ஏறும் என்பதால் இதுவே போதுமான பயிற்சி. மேலே தூக்கிப் போட்டுப் பிடிப்பது கூடவே கூடாது. ஈரக்கை வழுக்கும், கழுத்தும் குலுங்கும்.

சுவரைப் பிடித்துக் கால் தூக்குவது, சுவரில் கை ஊன்றித் தள்ளுவது, நீந்துவது எல்லாம் குழந்தையைக் கூட வந்தவரிடம் கொடுத்த பிறகு. "ஒரு கையில் குழந்தை, ஒரு கையில் சுவர்" என்பதை நாங்கள் சம்மதிக்க மாட்டோம். பிரசவமான முதல் 12 வாரத்தில் நீருக்குள் குதிப்பதும் ஓடுவதும் வேண்டாம். இடுப்பெலும்பின் முன்பக்க இணைப்பில் வலி இருந்தால் தவளைபோல் கால் விரித்து உதைக்கும் நீச்சலையும் விட்டுவிடுங்கள், அது வலியைக் கிளறும்.

வயிற்றுத் தசை நடுவில் பிரிந்திருக்கிறது என்றார்கள். நீரில் வயிற்றுப் பயிற்சி செய்யலாமா?

மல்லாந்து படுத்து முழங்காலை மடக்கி, தலையை மட்டும் லேசாகத் தூக்கி, தொப்புளுக்கு மேலும் கீழும் விரலை வைத்துப் பாருங்கள். இரண்டு விரலுக்கு மேல் இடைவெளி இருந்தால், அல்லது நடுவில் கூம்பு மாதிரி புடைத்தால், பிசியோதெரபிஸ்டைப் பார்த்த பிறகு தொடங்குங்கள். நீரிலும் இதே கூம்புதான் அளவுகோல். எந்த அசைவில் வயிறு கூம்பாகிறதோ அதை நிறுத்துங்கள். முழங்கால்கள் இரண்டையும் ஒரே நேரத்தில் மார்புக்கு இழுப்பது இப்போதைக்கு வேண்டாம். மூச்சை விட்டபடி அடிவயிற்றை முதுகுப்பக்கம் இழுத்து ஐந்து நொடி நிறுத்துவது போதும்.

எண்ணெய் தேய்த்து, பால் கொடுத்துவிட்டு நேராகக் குளத்துக்குக் கூட்டிப் போகலாமா?

எண்ணெய் வேண்டவே வேண்டாம். எண்ணெய் பூசிய குழந்தை நீருக்குள் மீன்போல் நழுவும். தேங்காய் எண்ணெய் குளோரினைத் தடுக்கும் என்று பூசுகிறவர்கள் இதை நினைப்பதில்லை. எண்ணெய்த் தேய்ப்பு வேறு நாளில் இருக்கட்டும். குளித்து வந்ததும் வெறும் நீரில் அலசி, ஈரம் காயும் முன் மாய்ஸ்சரைசர் தடவுங்கள்.

பால் கொடுத்து முக்கால் மணி நேரமாவது கழித்து இறங்குங்கள், இல்லாவிட்டால் அசைவில் எதுக்களிக்கும். பயிற்சியால் தாய்ப்பால் கெடாது, குறையாது. வெளியே வந்ததும் மார்பைக் கழுவிவிட்டுக் கொடுங்கள்.

கழுத்தில் மாட்டும் மிதவை வளையம் போட்டுவிட்டு நான் நீந்தலாமா?

கூடாது. காற்று கொஞ்சம் இறங்கினாலே தாடை உள்ளே நழுவி, வாயும் மூக்கும் நீருக்குள் போய்விடும். சத்தம் எதுவும் வராது. குழந்தையின் முழு உடம்பும் கழுத்தில் தொங்குவதும் கெடுதல். 2022 ஜூனில் அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் இந்த வளையங்களைப் பற்றி எச்சரிக்கை விட்டது. ஒரு குழந்தை இறந்ததும் அதில் குறிப்பிடப்பட்டிருந்தது. வளர்ச்சித் தாமதம் உள்ள குழந்தைகளுக்கு ஆபத்து இன்னும் அதிகம். கையில் மாட்டும் மிதவையும் உட்காரும் மிதவையும் விளையாட்டுப் பொருட்கள்தான், உயிர்காப்புச் சாதனங்கள் அல்ல. எது போட்டிருந்தாலும் ஒரு பெரியவரின் கை குழந்தைமேல் இருக்க வேண்டும்.

என்ன டயப்பர் போடுவது? குளத்து நீர் சுத்தமா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

சாதாரண டயப்பர் நீரை உறிஞ்சி ஊதிக் கனத்துவிடும். நீச்சல் டயப்பர் வாங்குங்கள், அதன்மேல் இடுப்பிலும் தொடையிலும் இறுக்கமாகப் பிடிக்கும் துணி நீச்சல் ஜட்டி ஒன்று. இதுவும் கெட்டி மலத்தைத்தான் தடுக்கும். சிறுநீர் வெளியேறும், வயிற்றுப்போக்கும் கசியும். எனவே வயிற்றுப்போக்கு இருக்கும் குழந்தையை இறக்கவே கூடாது, நின்ற பிறகும் இரண்டு நாள் விடுங்கள். கிரிப்டோஸ்போரிடியம் என்ற ஒட்டுண்ணி, சரியாகக் குளோரின் போட்ட நீரிலும் ஒரு வாரத்துக்கு மேல் உயிரோடு இருக்கும். அந்தத் தொற்று என்று தெரிந்தால் இரண்டு வாரம். டயப்பரைக் குளக்கரையில் மாற்றாமல் கழிவறையில் மாற்றுங்கள்.

நீரைச் சோதிக்க ஸ்ட்ரிப் கடையில் கிடைக்கும். குளோரின் குறைந்தது 1 பி.பி.எம். (பத்து லட்சத்தில் ஒரு பங்கு), வெயிலில் குளோரின் வீணாகாமல் இருக்கச் சயனூரிக் அமிலம் கலக்கும் குளம் என்றால் 2 பி.பி.எம்., நீரின் அமில, காரத் தன்மையைக் காட்டும் பி.எச். 7.0 முதல் 7.8 வரை. கரையில் நின்று பார்த்தால் ஆழமான பக்கத்து வடிகால் மூடி தெளிவாகத் தெரிய வேண்டும், உடையாமலும் இருக்க வேண்டும். மூக்கைத் துளைக்கும் குளோரின் நெடி சுத்தத்தின் அடையாளம் என்று நினைக்கிறோம். உண்மையில் அது வியர்வையும் சிறுநீரும் குளோரினோடு சேர்ந்து உண்டாகும் குளோரமைனின் நெடி. அந்த நாளில் குழந்தையை இறக்காதீர்கள்.

குழந்தையை நீருக்குள் முக்கி எடுத்தால் தானே நீந்தப் பழகும் என்கிறார்களே?

பிறந்த சில மாதங்களுக்கு, முகம் நனைந்ததும் மூச்சைத் தானாக நிறுத்தும் அனிச்சைச் செயல் ஒன்று உண்டு. அது நீச்சல் இல்லை, ஒவ்வொரு முறையும் நம்பக்கூடியதும் இல்லை. முக்கும் ஒவ்வொரு தடவையும் குழந்தை கொஞ்சம் நீரை விழுங்கலாம். அளவு மீறினால் இரத்தத்தில் சோடியம் குறைந்து வலிப்புவரை போகலாம். ஒரு வயதுக்குள் தரும் நீச்சல் பயிற்சி மூழ்கும் ஆபத்தைக் குறைப்பதற்குச் சான்று இல்லை என்பது அமெரிக்கக் குழந்தை மருத்துவ அகாடமியின் நிலைப்பாடு. முறையான பயிற்சியை ஒரு வயதுக்குப் பிறகு யோசிக்கலாம்.

எங்கள் ஊரில் குளம் இல்லை. மொட்டை மாடியில் காற்றடைத்த பிளாஸ்டிக் தொட்டி, அல்லது தோட்டத்துக் கிணற்றுத் தொட்டி சரியா?

பிளாஸ்டிக் தொட்டி நல்லது. உட்கார்ந்தால் உங்கள் இடுப்பளவு நீர் போதும், வெந்நீர் கலந்து 32 டிகிரிக்குக் கொண்டுவந்த பிறகே குழந்தையை இறக்குங்கள். கால் நீட்டி உட்கார்ந்து கணுக்காலைச் சுழற்றுவது, குழந்தையை மடியில் வைத்து முழங்காலை மாறி மாறி மடக்குவது, இவ்வளவு செய்யலாம். முடிந்ததும் நீரைக் கொட்டித் தொட்டியைக் கவிழ்த்துவிடுங்கள், இரண்டு அங்குல நீரிலும் குழந்தை மூழ்கும்.

தேங்கிய தோட்டத்துத் தொட்டியும் குட்டையும் வேண்டாம். 2024இல் கேரளத்தில் நீர்நிலைகளில் குளித்த சிறுவர், சிறுமியர் மூளையைத் தாக்கும் அமீபா நோயால் இறந்தார்கள். வெதுவெதுப்பான, குளோரின் இல்லாத நீரில் வளரும் அந்த அமீபா மூக்கு வழியாக ஏறுகிறது.

குழந்தைக்கு நீர் புரையேறினால் என்ன செய்வது?

இருமி அழுகிறது என்றால் நிமிர்த்தித் தோளில் சாய்த்து வெளியே வாருங்கள், அன்றைக்கு அவ்வளவுதான். அடுத்த சில மணி நேரத்தில் இருமல் நிற்காமல் இருந்தாலோ, மூச்சு வேகமானாலோ, விலா எலும்புகளுக்கிடையில் தோல் உள்வாங்கினாலோ, வழக்கத்துக்கு மாறாகத் துவண்டு தூங்கினாலோ மருத்துவமனைக்குப் போங்கள்.

மூச்சில்லாமல் துவண்டிருந்தால் தலைகீழாகத் தொங்கவிட்டு வயிற்றை அமுக்காதீர்கள். அதனால் நேரம் போவதோடு, வயிற்றில் இருப்பது மேலேறி மூச்சுக்குழாயை அடைக்கும். கெட்டியான தரையில் மல்லாத்தி, தலையை நேராக வைத்து, உங்கள் வாயால் குழந்தையின் வாயையும் மூக்கையும் சேர்த்து மூடி, மார்பு எழும் அளவுக்கு மட்டும் 5 முறை ஊதுங்கள். அசைவு இல்லையென்றால் இரு கைகளாலும் மார்பைச் சுற்றிப் பிடித்து, முலைக்காம்புக் கோட்டுக்குச் சற்றுக் கீழே நடு எலும்பில் இரு கட்டைவிரலாலும் சுமார் 4 செ.மீ. ஆழம் அழுத்துங்கள். நிமிடத்துக்கு 100 முதல் 120 என்ற வேகத்தில் 30 அழுத்தம், 2 ஊதல், மறுபடி 30. கூட இருப்பவர் அதற்குள் 108ஐ அழைக்கட்டும். ஆம்புலன்ஸ் வரும்வரை அல்லது குழந்தை தானாக மூச்சுவிடும்வரை நிறுத்தக்கூடாது. படித்து மட்டும் இது கைவராது. குளத்தில் இறங்கும் முதல் நாளுக்கு முன்பே, நீங்களும் கூட வருபவரும் ஏதாவது முதலுதவிப் பயிற்சியில் பொம்மையில் செய்து பார்த்துவிடுங்கள்.