விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றும் உள்ள வீட்டில் நெட்வொர்க் வழியாக பேக்கப் எடுப்பது எப்படி?

பழைய மேசைக் கணினி ஒன்றில் லினக்ஸ் போட்டு, அதை பேக்கப் சர்வராக, அதாவது எல்லா நகல்களையும் சேமிக்கும் கணினியாக, வைத்துவிடுங்கள். மற்ற கணினிகள் அதற்குக் கோப்புகளை அனுப்ப வேண்டாம். சர்வரே ஒவ்வொன்றிலிருந்தும் எடுத்துக்கொள்ளட்டும். காரைக்குடியில் எங்கள் வீட்டில் அப்பச்சிக்கு விண்டோஸ், தங்கச்சிக்கு மேக்புக், எனக்கு உபுண்டு. மூன்றுக்கும் இப்படித்தான் ஓடுகிறது.

சர்வர்தான் எடுக்க வேண்டும் என்று அழுத்திச் சொல்லக் காரணம் ரான்சம்வேர், அதாவது கோப்புகளைப் பூட்டிவைத்துப் பணம் கேட்கும் வைரஸ். ஷேர் ஃபோல்டரை விண்டோஸில் ஒரு டிரைவாக இணைத்து வைத்திருந்தால், உள்ளே புகுந்த வைரஸ் அதையும் சேர்த்துப் பூட்டிவிடும். சர்வர் எடுக்கும் முறையில் பழைய நகல்கள் அதன் கைக்கு எட்டாது. சிங்திங் போன்ற ஒத்திசைவு மென்பொருளும் பேக்கப் ஆகாது. சாதாரண அமைப்பில், இங்கே அழித்தால் அங்கேயும் அழிந்துவிடும்.

நான் வைத்திருப்பது யுஆர்பேக்கப் (UrBackup) என்ற பேக்கப் மென்பொருள். இலவசம், திறந்த மூலம், மூன்று இயங்குதளங்களுக்கும் கிளையன்ட் (அந்தந்தக் கணினியில் போடும் துணை மென்பொருள்) உண்டு. ஒரே கோப்பு இரண்டு கணினிகளில் இருந்தாலும் ஒருமுறைதான் சேமிக்கும். மேக்குக்கு அதனுடனே வரும் டைம் மெஷின் பேக்கப்தான் வேண்டும் என்றால், அதே சர்வரில் சாம்பா (நெட்வொர்க்கில் ஃபோல்டர் பகிரும் மென்பொருள்) போடலாம், 4.8 பதிப்பு முதல் டைம் மெஷினுக்கான வசதி அதில் இருக்கிறது. ஆனால் உச்ச அளவு ஒன்றைக் குறித்துவிடுங்கள், இல்லாவிட்டால் டிஸ்க் முழுவதையும் அதுவே நிரப்பிவிடும்.

செட்டிநாட்டு வீடு என்றால் வைஃபையை நம்பாதீர்கள். முகப்பில் ரௌட்டர் இருந்தால், அந்தக் கனமான சுவர்களைத் தாண்டி இரண்டாம் கட்டுக்கு சிக்னல் போவதே பெரும்பாடு. கேபிள் இழுங்கள். ஆனால் பழைய சுண்ணாம்புப் பூச்சில் தயவுசெய்து ஆணி அடிக்காதீர்கள். பெயர்ந்தால் அதே பளபளப்பில் பூச ஆள் கிடைப்பது கஷ்டம். வளவை (நடு முற்றத்தை)ச் சுற்றி மர உத்திரத்தை ஒட்டியே கொண்டுபோகலாம். கேபிள்களை இணைக்கும் நெட்வொர்க் ஸ்விட்ச் கிகாபிட் வேகத்தில் இருக்கட்டும். 100 மெகாபிட்டில் நொடிக்கு 12 எம்பி அளவுதான் போகும், 1 டிபிக்கு ஏறக்குறைய ஒரு நாள் ஆகும். கிகாபிட்டில், டிஸ்க் ஈடுகொடுத்தால், 3 மணி நேரத்தில் முடியும். பெரும்பாலும் முதல்முறைதான் இந்தக் காத்திருப்பு, பிறகு வழக்கமாக மாறியவை மட்டும் போகும். சர்வருக்கு யுபிஎஸ் அவசியம்.

ஐயா காலத்து ரங்கூன் கடைப் பேரேடுகளை ஸ்கேன் செய்து வைத்திருக்கிறோம். காகிதம் பொடிந்துகொண்டே வருகிறது, இனி மிஞ்சப்போவது இந்தப் படங்கள்தான். அதனால் வெளி ஹார்ட் டிஸ்க் ஒன்றில் மறையாக்கம் செய்த நகல் எடுத்து, தேவகோட்டையில் அயித்தை வீட்டிலும் வைத்திருக்கிறோம். ஒரே கூரையின் கீழ் எத்தனை நகல் இருந்தாலும் ஒரு இடி போதும்.

அப்புறம், ஒவ்வொரு கணினியிலிருந்தும் சில கோப்புகளையாவது மீட்டெடுத்துத் திறந்து பாருங்கள். மேக்கில் கிளையன்டுக்கு முழு டிஸ்க் அணுகல் அனுமதி கொடுக்காவிட்டால் டாக்குமெண்ட்ஸ், டெஸ்க்டாப் போன்ற ஃபோல்டர்கள் விடுபட்டுப் போகலாம். அதனால் அந்த இரண்டிலிருந்தும் கட்டாயம் ஒன்றொன்று எடுத்துப் பாருங்கள்.