குதிகால் வெடிப்புக்கு க்ரீம் போதும், காய்ப்புக்குப் போதாது

கேள்வி: கொருக்குப்பேட்டையில் இருந்து எழுதுகிறேன். அம்மாவுக்கு 58 வயது, 12 வருடமாகச் சுகர். இரண்டு குதிகாலும் வறண்டு, பாளம் பாளமாக வெடித்திருக்கிறது. வலது கட்டைவிரலுக்குக் கீழே உள்ளங்காலில் ஒரு ரூபாய் நாணயம் அளவுக்குத் தோல் கெட்டியாகிவிட்டது. வலி இல்லை என்பதால் அம்மா பொருட்படுத்துவதில்லை. வெந்நீரில் ஊறவைத்து பிளேடால் சீவுகிறார். மெடிக்கலில் கொடுத்த ஆயின்மென்ட்டை மூன்று வாரம் போட்டும் பலன் இல்லை. எந்த க்ரீம் வாங்கலாம்?

பதில்: முதலில் அந்த பிளேடை வாங்கித் தூரப் போடுங்கள். க்ரீம் பற்றிப் பிறகு பேசலாம்.

வலி இல்லை என்று அம்மா சொல்கிறாரே, எனக்குக் கவலை தருவது அதுதான். இவ்வளவு ஆழமாக வெடித்த குதிகால் வலித்தே ஆக வேண்டும். வலிக்கவில்லை என்றால் பாதத்து நரம்பு மரத்துப் போயிருக்கலாம். 12 வருடச் சர்க்கரையில் இது சாதாரணமாக நடக்கும். தொடு உணர்ச்சி தரும் நரம்போடு வியர்வைச் சுரப்பிகளை இயக்கும் நரம்பும் கெடும். பாதம் வியர்க்காது, வியர்க்காத தோல் காயும், காய்ந்த தோல் குதிகாலில் தடித்து, உடம்பு எடை இறங்கும்போது விளிம்பில் பிளக்கும். பித்தவெடிப்பு என்று பெயர் வைத்துவிட்டோமே தவிர, பித்தத்துக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை.

குதிகாலுக்கு வேண்டியது யூரியா கலந்த க்ரீம். உரத்துக்குப் போடும் யூரியாவா என்று பயப்பட வேண்டாம். ஈரத்தைத் தோலில் பிடித்து வைக்கவும், கெட்டித் தோலை இளக வைக்கவும் மருந்தாகவே தயாரித்துச் சேர்ப்பது. டியூபின் பின்பக்கம் அளவு போட்டிருக்கும். வெறும் வறட்சிக்கு 10 சதவீதம், தடித்த குதிகாலுக்கு 20 முதல் 25 சதவீதம். 40 சதவீதம் என்று இருந்தால் டாக்டர் சொல்லாமல் வாங்காதீர்கள். தேங்காய் எண்ணெயும் வாஸ்லினும் இருக்கிற ஈரம் வெளியே போகாமல் மூடும், தடிப்பை இளக்காது. வசதி இல்லாவிட்டால் வாஸ்லின் மட்டுமாவது போடலாம்.

போடும் விதத்தில்தான் பெரும்பாலானவர்கள் கோட்டை விடுகிறார்கள். குளித்ததும் பாதத்தை ஒற்றித் துடைத்து, லேசான ஈரம் இருக்கும்போதே, மூன்று நிமிடத்துக்குள் தடவ வேண்டும். ஆள்காட்டி விரல் நுனியில் இருந்து முதல் மடிப்பு வரை பிதுக்கினால் சுமார் அரை கிராம். ஒரு பாதத்துக்கு அதுபோல் இரண்டு. காலையும் இரவும் இரண்டு பாதத்துக்கும் போட்டால் நாளைக்கு 4 கிராம் ஆகும். அப்படியானால் 30 கிராம் டியூப் ஒரு வாரம்தான் வரும். அதே டியூப் இரண்டு மாதம் ஓடுகிறது என்றால் சாஸ்திரத்துக்குத் தொட்டு வைக்கிறீர்கள் என்று அர்த்தம். விரல் இடுக்கில் மட்டும் க்ரீம் கூடாது. அங்கே ஈரம் தங்கினால் தோல் ஊறி வெளுத்துப் புண்ணாகும். பழைய வேட்டித் துணியை இடுக்குக்குள் விட்டுத் துடைத்துக் காய விடுங்கள். ரத்தம் தெரிகிற பிளவுக்குள்ளும் யூரியா போகக் கூடாது. அதை சலைன் விட்டுக் கழுவி, சுத்தமான காஸ் துணி வைத்து, மறுநாளைக்குள் டாக்டரிடம் காட்டுங்கள். மஞ்சள், உருக்கிய மெழுகு, உடனே ஒட்டும் பசை எதையும் அதில் அடைக்காதீர்கள். இரவில் க்ரீம் போட்டபின் இறுக்கம் இல்லாத வெள்ளைக் காட்டன் சாக்ஸ் போடட்டும். ரத்தமோ நீரோ கசிந்தால் வெள்ளைத் துணி காட்டிக் கொடுக்கும்.

வெந்நீரில் ஊறவைப்பது இன்றோடு நிற்க வேண்டும். மரத்த காலுக்குச் சூடு தெரியாது. கொப்புளம் வந்த பிறகுதான் தெரியும். கழுவ வெதுவெதுப்பான தண்ணீர் போதும், அதையும் நீங்கள் முழங்கையை விட்டுப் பார்த்த பிறகு.

இப்போது அந்த மெடிக்கல் ஆயின்மென்ட். டியூபைத் திருப்பிப் பாருங்கள். குளோபெட்டாசால், பீட்டாமெத்தசோன் என்று ஏதாவது எழுதியிருந்தால் அது ஸ்டீராய்டு. பூஞ்சை மருந்து, ஆன்டிபயாட்டிக், ஸ்டீராய்டு மூன்றையும் ஒன்றாகக் கலந்த டியூபை அரிப்பு, படை, வெடிப்பு என்று எதைச் சொன்னாலும் எடுத்து நீட்டுகிற கடைகள் தெருவுக்குத் தெரு இருக்கின்றன. சீட்டு இல்லாமல் விற்கிறார்கள், கேட்பார் இல்லை. நாள்பட ஸ்டீராய்டு தோலை மெலிய வைக்கும், புண் ஆறுவதைத் தாமதப்படுத்தும். சர்க்கரைக்காரர் காலில் இரண்டுமே ஆபத்து.

இங்கே ஒரு விதிவிலக்கைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும். வறட்சி போலவே தெரிகிற பூஞ்சைத் தொற்று ஒன்று உண்டு. அரிப்பு அதிகம் இருக்காது. உள்ளங்கால் முழுக்க, செருப்பு மறைக்கிற இடம் வரை, தோல் மாவு பூசியது போல இருக்கும். ரேகைகளுக்குள் வெள்ளைப் பொடி படிந்திருக்கும். அம்மாவை வெளிச்சத்தில் உட்கார வைத்து இரண்டு காலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒரு கால் மட்டும் அதிகமாக வறண்டிருந்தால் சந்தேகப்படுங்கள். நகங்கள் மஞ்சளாகித் தடித்து, கீழே தூள் தட்டுகிறதா? ஒரு உள்ளங்கையும் அதேபோல் உரிகிறதா? அப்படியென்றால் சந்தேகம் பலமாகிறது. யூரியா க்ரீம் நான்கு வாரம் ஒழுங்காகப் போட்டும் மாற்றம் இல்லை என்றாலும் இதை நினைத்துப் பார்க்க வேண்டும். தோலைச் சுரண்டி எடுத்துச் செய்கிற எளிய பரிசோதனையில் தெரிந்துவிடும். ஸ்டீராய்டு கலந்த ஆயின்மென்ட் போட்டிருந்தால் பூஞ்சை அடங்கியது போலக் காட்டி, உள்ளே பரவும். பார்க்கிற டாக்டருக்கும் அடையாளம் குழம்பும். அதனால் அந்த டியூபைக் கையோடு எடுத்துப் போய்க் காட்டுங்கள்.

அடுத்தது கட்டைவிரலுக்குக் கீழே இருக்கிற நாணயம். அது காய்ப்பு, அழுத்தத்தால் வந்தது, க்ரீமால் போகாது. நரம்பு கெட்டால் பாதத்தின் சிறு தசைகள் மெலியும், விரல்கள் மடங்கும், நடக்கும்போது எடை முழுவதும் ஓர் இடத்தில் குவியும். அந்த இடத்தைக் காக்கத் தோல் தடிக்கிறது. தடித்த பிறகு அதுவே செருப்புக்குள் மாட்டிய சரளைக்கல் போல ஒவ்வோர் அடியிலும் உள்ளே குத்தும். மேலே உலர்ந்து சுத்தமாகத் தெரிகிற காய்ப்புக்கு அடியில் புண் பழுத்திருக்கலாம்.

கார்ன் கேப் என்று விற்கிற பிளாஸ்திரியை இதில் ஒட்டவே ஒட்டாதீர்கள். அதில் இருப்பது சாலிசிலிக் அமிலம். காய்ப்புக்கும் நல்ல தோலுக்கும் வித்தியாசம் அதற்குத் தெரியாது, இரண்டையும் அரிக்கும். அரிப்பது அம்மாவுக்கும் தெரியாது. எருக்கம்பால், சுண்ணாம்பு, கால் ஆணி எடுப்பதாகக் கொம்போடு தெருவில் வருகிறவர் எல்லாம் இதே கணக்குத்தான். கல்யாண மண்டப இலவச முகாம்களிலும் கவனமாக இருங்கள். வண்ண வண்ணமாக ஒரு கிராஃப் எடுத்துக் கொடுத்து, அதிர்வு மெஷினையோ காந்தச் செருப்பையோ தலையில் கட்டிவிடுவார்கள். உணர்ச்சி இருக்கிறதா என்று பார்க்க 10 கிராம் அழுத்தத்தில் வளைகிற ஒரு நைலான் இழையும் இரண்டு நிமிடமும் போதும்.

அந்த இரண்டு நிமிடம்தான் கிடைப்பதில்லை. 1948-லேயே ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் சர்க்கரை நோய்க்குத் தனிப் பிரிவு வந்துவிட்டது, வடசென்னைக்காரர்களுக்கு இது புதிய நோய் இல்லை. ‘பாதம் பாதுகாப்போம்’ என்று அரசு திட்டமும் போட்டிருக்கிறது. ஆனாலும் அரசு, தனியார் என்று பல ஓ.பி.க்களில் மாத்திரை எழுதுகிறார்களே தவிர, செருப்பைக் கழற்றச் சொல்வதில்லை. நீங்களே கழற்றச் சொல்லிக் காலைத் தூக்கிக் காட்டுங்கள். “உணர்ச்சி டெஸ்ட் பண்ணுங்க, பாதத்துல நாடி பாருங்க” என்று வாய்விட்டுக் கேளுங்கள். ரத்த ஓட்டம் பார்க்காமல் யாரையும் காய்ப்பில் கத்தி வைக்க விடாதீர்கள். ஓட்டம் நன்றாக இருந்தால், பயிற்சி பெற்றவர் காய்ப்பைச் சீவி எடுத்ததும் அந்த இடத்தின் அழுத்தம் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு குறையும். பலருக்கு நாலு முதல் ஆறு வாரத்துக்கு ஒருமுறை சீவ வேண்டியிருக்கும்.

செருப்பு மாறாவிட்டால் காய்ப்பு அதே இடத்தில் திரும்ப வரும். எம்.சி.ஆர். (மைக்ரோ செல்லுலார் ரப்பர் என்கிற மெத்தென்ற ரப்பர்) செருப்பு கேளுங்கள். சாதாரண ஸ்பான்ஜில் ஸ்டிக்கர் ஒட்டி அதே பெயரில் விற்கிறார்கள். கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள், நல்ல எம்.சி.ஆர். மெத்தென்று உள்வாங்கி உடனே எழும்பும். விரல் இடுக்கில் வார் நுழைகிற மாடல் வேண்டாம், பின்வார் கட்டாயம் வேண்டும். வெள்ளைத் தாளில் அம்மாவை நிற்க வைத்துப் பாதத்தை வரைந்து எடுத்துப் போங்கள்; செருப்பை அதன் மேல் வைத்தால் கோடு வெளியே தெரியக் கூடாது. வீட்டுக்குள் நடக்கத் தனியாக ஒரு ஜோடி. ஆடி மாதம் கூழ் ஊற்ற வெறுங்காலில் போவதும், மதிய வெயிலில் மொட்டை மாடியில் கருவாடு காயப்போட வெறுங்காலில் ஏறுவதும் இனி வேண்டாம்.

தினமும் இரவு நீங்கள்தான் அந்தக் காய்ப்பைப் பார்க்க வேண்டும், அம்மாவின் கண்ணை நம்பாதீர்கள். நடுவில் கறுப்பாகவோ கருஞ்சிவப்பாகவோ புள்ளி, கசிவு, வாடை இருந்தாலும், ஒரு கால் மட்டும் வீங்கிச் சூடாக இருந்தாலும், வலி இல்லை என்று அம்மா சொன்னாலும், அன்றைக்கே ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போங்கள். இரவாகிவிட்டால் அவசரப் பிரிவுக்கு. அதுவரை அந்தக் காலை ஊன்ற வேண்டாம், ஆட்டோவில் போங்கள்.