பரணில் இருக்கும் படத்தை இறக்கு

(வாசகர் கேள்விகளுக்கு, ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை ஒருவர் மாதந்தோறும் எழுதும் பதில்கள்)

கேள்வி: அன்புள்ள டீச்சர், எனக்கு வயது 36. ஸ்ரீவைகுண்டத்துக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். முதல் கணவர் விபத்தில் இறந்தபோது என் மகன் கைக்குழந்தை. ஆறு வருஷத்துக்கு முன்னால், மனைவியை இழந்த ஒருவரை மறுமணம் செய்தேன். சபையில் மூன்று ஞாயிறு ஓலை (கல்யாண அறிவிப்பு) வாசித்து, எங்கள் போதகர் ஐயர் நடத்திவைத்த கல்யாணம்தான். அவருக்கு ஒரு மகள். அப்போது எட்டு வயது, இப்போது பதினாலு. முதலில் ஓரளவு ஒட்டிக்கொண்டுதான் இருந்தாள். 2023 டிசம்பர் வெள்ளத்தில் எல்லாம் மாறிவிட்டது. ராத்திரி வீட்டுக்குள் இடுப்பளவு தண்ணீர். இரண்டு பிள்ளைகளையும் ரேஷன் கார்டு, பத்திரம் இருந்த பையையும் தூக்கிக்கொண்டு மச்சு வீட்டுக்கு ஓடினோம். சுவரில் இருந்த அவள் அம்மாவின் படமும் பீரோவில் இருந்த சேலைகளும் தண்ணீரில் போய்விட்டன. மறுநாள் அவள் கேட்டது ஒன்றுதான்: "உங்க பையனோட ஸ்கூல் பேக் மட்டும் எப்படித் தப்பிச்சுது?" அதிலிருந்து நான் பரிமாறினால் சாப்பிடுவதில்லை, குடும்ப ஜெபத்துக்கு வருவதில்லை, என்னைப் பற்றிப் பேசினால் "இவங்க". அந்தப் படத்தைச் சகதியிலிருந்து எடுத்தேன். கண்ணாடியோடு ஒட்டி, பாதி முகம் அழிந்திருக்கிறது. அவளிடம் காட்டப் பயந்து பரணில் ஒளித்துவைத்திருக்கிறேன். கணவரின் வாழைத் தோட்டம் போய், குழுக் கடன் தலைக்குமேல் நிற்கிறது. சொந்தக்காரர்கள் "மாற்றாந்தாய் மாற்றாந்தாய்தான்" என்கிறார்கள். கர்த்தர் ஏன் என்னை இந்த வீட்டுக்குள் கொண்டுவந்தார்?

— பெயர் வேண்டாம், தூத்துக்குடி மாவட்டம்

பதில்: மகளே, நீ என்றே எழுதுகிறேன், என் மகள் வயதுதான் உனக்கு. அந்த இரண்டு நாளை நான் பாளையங்கோட்டையில் இருந்து பார்த்தவள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல் மழை பெய்தது. ஸ்ரீவைகுண்டம் ஸ்டேஷனில் ரயிலே நகர முடியாமல் நூற்றுக்கணக்கான பேரோடு நின்றுபோனது. அந்த இருட்டில் நீ இரண்டு உயிரைத் தூக்கிக்கொண்டு ஓடியிருக்கிறாய். பை கதவோரம் இருந்திருக்கும், கையோடு வந்திருக்கும். அதில் உன் மேல் ஒரு குற்றமும் இல்லை. இதை முதலில் நீ நம்ப வேண்டும்.

ஆனால் அவள் கேட்டது பையைப் பற்றி இல்லை. அவளுக்கு அன்றைக்கு அம்மா இரண்டாவது தடவை போய்விட்டாள். முதல் தடவை அவள் சின்னப் பிள்ளை, ஒன்றும் புரிந்திருக்காது. இந்தத் தடவை புரிந்துவிட்டது. கோபப்பட ஒரு ஆள் வேண்டும். மழையோடு கோபப்பட முடியாது, கர்த்தரோடு கோபப்படப் பயம், அப்பா ஏற்கெனவே இடிந்துபோய் உட்கார்ந்திருக்கிறார். பக்கத்தில் இருந்தது நீ.

இவ்வளவு உறுதியாக நான் சொல்லக் காரணம், நானே அந்தப் பெண்ணாக இருந்தவள். மெஞ்ஞானபுரத்துக்குத் தெற்கே, பனங்காட்டு ஊர் எங்களுடையது. எனக்கு எட்டு வயதில் அம்மா காய்ச்சலில் போய்விட்டாள். அடுத்த வருஷமே சித்தி வந்தாள். பதினாலு வருஷம் நான் அவளை எந்தப் பெயரும் சொல்லிக் கூப்பிடவில்லை. "இந்தாங்க", "இங்க பாருங்க", அவ்வளவுதான். அவள் அவித்த புட்டைத் தொடாமல் பள்ளிக்கூடம் போன நாட்கள் உண்டு. அவள் ஒன்றும் சொல்லமாட்டாள். சாயந்திரம் வந்து பார்த்தால் அதே தட்டில் மூடிவைத்திருப்பாள், கருப்பட்டித் துண்டு ஒன்று கூடுதலாக இருக்கும்.

என் அம்மாவின் டிரங்குப் பெட்டி ஒன்று கட்டிலுக்கு அடியில் இருந்தது. வருஷத்துக்கு ஒரு தடவை, சித்திரை வெயிலில், சித்தி அதை முற்றத்துக்கு இழுத்துவந்து திறப்பாள். அம்மாவின் வெள்ளைக் கல்யாணச் சேலையை நிழலும் வெயிலுமாக விரித்துப் போடுவாள். பழைய அந்துருண்டையை எடுத்துவிட்டுப் புதிதாக வைப்பாள். மடிக்கும்போது பழைய மடிப்பில் மடிக்கமாட்டாள், இடம் மாற்றி மடிப்பாள். ஒரே மடிப்பில் கிடந்தால் பட்டு அந்த இடத்திலேயே இற்றுப்போகும். நான் திண்ணையில் இருந்து முறைத்துக்கொண்டிருப்பேன். என்றைக்காவது இதை அவள் கட்டிக்கொள்ளப்போகிறாள், அன்றைக்குப் பார்த்துக்கொள்கிறேன் என்று மனதுக்குள் கறுவிக்கொண்டே இருப்பேன்.

என் கல்யாணத்துக்கு முந்தின ராத்திரி அந்தப் பெட்டியை என் முன்னால் வைத்தாள். "உங்க அம்மாது. ஒரு நூல்கூடப் பிரியலே, பாத்துக்கோ" என்றாள். பதினாலு வருஷம் மடிப்பு மாற்றியிருக்கிறாள். நான் அழுதேன். ஆனாலும் அம்மா என்று கூப்பிட வரவில்லை. அன்றைக்குத்தான் முதல்முறையாக "சித்தி" என்றேன். அவளுக்கு அது போதுமாயிருந்தது.

அதனால் உன்னிடம் கேட்கிறேன், பரணில் இருக்கும் படத்தை இறக்கு. ஒளித்துவைத்தது நல்ல மனதோடுதான், ஆனால் அவள் ஒருநாள் தானாகக் கண்டுபிடித்தால் அதற்கு வேறு அர்த்தம் வந்துவிடும். அவள் கையிலேயே கொடு. "சகதியில் தேடி எடுத்தேன், பாதிதான் கிடைத்தது, உன்னிடம் காட்டப் பயந்தேன்" என்று நடந்ததை நடந்தபடி சொல். ஒரு முக்கியமான விஷயம்: படத்தைக் கண்ணாடியிலிருந்து உரிக்காதே. உரித்தால் மிச்சமிருக்கும் முகமும் கண்ணாடியோடு போய்விடும். அப்படியே ஸ்டுடியோவுக்குக் கொண்டுபோங்கள், கண்ணாடியோடு சேர்த்தே நகல் எடுப்பார்கள். அழிந்த பாதியைச் சரிசெய்ய வேறு படம் வேண்டுமே. அவள் தாய்மாமா வீட்டு ஆல்பத்தில் இருக்கும், பழைய சபை அசனத்தில், அந்தப் பொது விருந்தில், யாராவது எடுத்திருப்பார்கள். அந்த வீடுகளுக்கு அவளைக் கூட்டிக்கொண்டு நீயே போ. உன்னை அந்த வாசலில் பார்ப்பது அவர்களுக்கும் சங்கடம்தான், உனக்கும்தான். போ.

குடும்ப ஜெபத்துக்கு அவளை இழுக்காதே. ஆனால் ஜெபத்தில் அவள் அம்மாவின் பெயரைச் சொல்லி ஸ்தோத்திரம் பண்ணு, அடுத்த அறையில் அவளுக்குக் கேட்கட்டும். செத்துப்போனவள் பெயரைச் சொன்னால் உன் இடம் போய்விடும் என்று சொந்தக்காரர்கள் பயமுறுத்துவார்கள். அவள் இடத்துக்கு நீ வரவில்லை, அந்த வீட்டில் உனக்கு இன்னொரு இடம் போட்டிருக்கிறார்கள்.

கர்த்தர் ஏன் கொண்டுவந்தார் என்று கேட்டிருக்கிறாய். அவருக்காகப் பதில் சொல்ல நான் யார். எனக்குத் தெரிந்தது, இந்த மாதிரி வீடுகளை வேதம் மறைக்கவே இல்லை. யாக்கோபின் வீட்டைப் பார். நாலு தாய், பன்னிரண்டு ஆண்பிள்ளைகள், ஒருவனுக்கு மட்டும் பலவருண அங்கி. அவன்தான் யோசேப்பு. அண்ணன்மாரே அவனைப் பதினேழு வயதில் விற்றார்கள். மறுபடி அவனைப் பார்க்கும்போது அவனுக்கு வயது முப்பத்தொன்பதுக்குப் பக்கம், இருபத்திரண்டு வருஷம் போய்விட்டது. அவர்களை ஒன்று சேர்த்தது சந்தோஷம் இல்லை, பஞ்சம். ஆதியாகமம் 44-ஐ இன்றைக்கு ராத்திரி எடுத்து வாசி. லேயாளின் மகன் யூதா, ராகேலின் மகன் பென்யமீனுக்காக, இவனை விட்டுவிடும், இவனுக்குப் பதிலாக நான் அடிமையாக இருக்கிறேன் என்று கெஞ்சுகிறான். யோசேப்பை விற்றுவிடலாம் என்று யோசனை சொன்ன அதே யூதா. உன் வீட்டில் ஆறு வருஷம்தான் ஆகியிருக்கிறது, மகளே.

கடனைப் பற்றி ஒரே வார்த்தை. எவ்வளவு, யாரிடம், மாதம் எத்தனை என்று அந்தப் பெண்ணுக்கும் தெரியட்டும். பதினாலு வயதுப் பிள்ளைக்குக் கணக்குப் புரியும். தெரியாவிட்டால், தனக்குப் புதுச் செருப்பு வராததற்கும் நீதான் காரணம் என்று நினைத்துக்கொள்வாள்.

கேள்வி: டீச்சர், நான் திருப்பூரில் பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். கணவனை இழந்த ஒரு சகோதரியைத் திருமணம் செய்தேன். அவர்களுக்கு 10 வயதில் ஒரு மகன், எங்களுக்கு 3 வயதில் ஒரு மகள். 2025 ஆகஸ்டில் அமெரிக்கா இந்தியப் பொருட்கள் மீதான வரியை 50 சதவீதம் ஆக்கியபிறகு ஆர்டர் குறைந்து, வாரத்தில் மூன்று நாள்தான் வேலை. "சொந்தப் பிள்ளைக்கே இல்லை, ஊரான் பிள்ளைக்கு எதற்கு கான்வென்ட்" என்கிறார் அம்மா. பையன் என்னை அங்கிள் என்றுதான் கூப்பிடுகிறான். நான் சம்பாதித்து வாங்கிய 3 சென்ட் இடமும் ஓட்டு வீடும் இருக்கிறது. எனக்குப் பிறகு அவனுக்குப் பங்கு வருமா? இருவருக்கும் சமமாகக் கொடுக்க நினைப்பது சரியா?

பதில்: தம்பி, சட்டத்தை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நம் ஜனங்கள் இதில்தான் ஏமாந்துபோகிறார்கள். கிறிஸ்தவர்களுக்கு 1925-ஆம் வருஷத்து இந்திய வாரிசுரிமைச் சட்டம். உயில் எழுதாமல் நீங்கள் போய்விட்டால் மனைவிக்கு மூன்றில் ஒரு பங்கு, மீதி இரண்டு பங்கு உங்கள் பிள்ளைகளுக்கு. பிள்ளை என்றால் சட்டத்துக்கு உங்கள் மகள் மட்டும்தான். பையனுக்கு ஒன்றும் வராது. நீங்கள் எத்தனை வருஷம் ஃபீஸ் கட்டியிருந்தாலும் வராது.

அதனால் உயில் எழுதுங்கள். பெரிய செலவு இல்லை. இரண்டு சாட்சிகள் வேண்டும், நீங்கள் கையெழுத்துப் போடுவதைப் பார்த்து அவர்களும் போட வேண்டும். உயிலால் சொத்து பெறப்போகிறவரோ அவருடைய கணவன் மனைவியோ சாட்சியாகக் கூடாது, போட்டால் அவர்களுக்கு எழுதினது செல்லாமல் போய்விடும். பதிவு கட்டாயம் இல்லை, ஆனாலும் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிந்துவிடுவது நல்லது. அவனை முறையாகத் தத்தெடுக்கவும் 2015-ஆம் வருஷத்துச் சிறார் நீதிச் சட்டத்தின் கீழ் வழி இருக்கிறது. மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலுவலகத்தில் விசாரியுங்கள்.

சரியா என்று கேட்டீர்களே. மத்தேயு முதல் அதிகாரத்து வம்ச வரலாற்றை நாம் ஒவ்வொரு கிறிஸ்மஸுக்கும் அவசரமாகத் தாண்டிப்போகிறோம். தாவீதிலிருந்து இறங்கி வரும் அந்த வரிசை யாரிடம் வந்து முடிகிறது? மரியாளின் புருஷன் யோசேப்பிடம். இயேசுவைப் பெறாத தகப்பன் அவர். ஆனால் பிள்ளைக்குப் பேரிட்டது அவர், ராத்திரியோடு ராத்திரியாக எகிப்துக்குத் தூக்கிக்கொண்டு ஓடியது அவர். ஊரார் இயேசுவைத் "தச்சனுடைய குமாரன்" என்றுதான் சொன்னார்கள். தன் பெயரையும் தன் வம்சத்தையும் அந்தப் பிள்ளைக்கு முழுசாகக் கொடுத்தார் யோசேப்பு. நீங்கள் 3 சென்ட்டில் பாதி கொடுக்கலாமா என்று கேட்கிறீர்கள். தாராளமாகக் கொடுங்கள்.

வேலை இல்லாத நாட்களில் பையனைக் கூட்டிக்கொண்டு எங்கேயாவது போங்கள். கையில் காசு இல்லாத சமயத்தில் நேரமாவது இருக்கிறதே. மீதித் துணியில் அவன் அளவுக்கு ஒரு டீ-ஷர்ட் வெட்டிக் காட்டுங்கள், கத்திரியை அவன் கையிலும் கொடுங்கள். அங்கிள் என்றால் அங்கிள் என்றே இருக்கட்டும். அப்புறம், உங்கள் அம்மாவிடம் கோபப்படாதீர்கள். மகனுக்கு வேலை போய்விடுமோ என்ற பயம் அந்த வாயில் அப்படி வருகிறது. ஆனால் பையன் காதில் விழும்படி "ஊரான் பிள்ளை" என்ற வார்த்தை இன்னொரு தடவை வரக்கூடாது. அதை நீங்கள்தான் சொல்ல வேண்டும், மனைவி சொல்லக்கூடாது.

கேள்வி: என் அப்பாவின் முதல் தாரத்துப் பிள்ளை, என் அண்ணன். கல்யாணத்தில் வந்த சண்டையில் 11 வருஷமாகப் பேச்சு இல்லை. அப்பா இப்போது ஐ.சி.யூ.வில். அம்மா, "கூப்பிடாதே, சொத்துக்கு வந்தான் என்பார்கள், இல்லை நாம் நடிக்கிறோம் என்பான்" என்கிறாள். நான் என்ன செய்ய?

— கல்லூரி மாணவி, நாகர்கோவில்

பதில்: கண்ணு, இந்தப் பதில் அச்சாகி உன் கைக்கு வர இருபது நாளாகும், அதுவரை உன் அப்பா காத்திருக்க முடியாது என்பதால் கடிதம் வந்த அன்றைக்கே உன் எண்ணுக்குப் பேசினேன். பேசியதை எழுதிக்கொள்ளவும் அனுமதி கொடுத்தாய்.

உனக்குச் சொன்னது இதுதான். ஆபிரகாம் இறந்தபோது அவனை மக்பேலா குகையில் அடக்கம்பண்ணினது யார் என்று ஆதியாகமம் 25-இல் இருக்கிறது. ஈசாக்கும் இஸ்மவேலும், இரண்டு தாய்க்குப் பிறந்த பிள்ளைகள். ஒரு துருத்தித் தண்ணீரோடு வனாந்தரத்துக்குத் துரத்தப்பட்ட ஆகாரின் மகன் இஸ்மவேல் அன்றைக்கு வந்து நின்றிருக்கிறான். யார் ஆள் அனுப்பினார்கள், முதல் வார்த்தை யார் பேசினார்கள் என்று அங்கே எழுதியிருக்கவில்லை. ஆனால் யாரோ ஒருவர் சொல்லி அனுப்பியிருக்க வேண்டும். அவர்கள் வந்தது தகப்பன் இறந்தபிறகு. உன் அப்பா இன்னும் மூச்சுவிட்டுக்கொண்டிருக்கிறார்.

பழைய சண்டையை எடுக்காதே, மன்னிப்பும் கேட்காதே, அழாதே. "அண்ணா, அப்பாவை ஐ.சி.யூ.வில் சேர்த்திருக்கிறோம். உனக்குச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. வரலாம், வராமலும் இருக்கலாம்" என்று மட்டும் சொல் என்றேன். அம்மாவிடம் முதலில் சொல்லிவிட்டுக் கூப்பிடு, முதுகுக்குப் பின்னால் வேண்டாம் என்றும் சொன்னேன்.

அன்று ராத்திரி பத்து மணிக்கு நீ திரும்பக் கூப்பிட்டாய். அண்ணன் ரொம்ப நேரம் ஒன்றும் பேசவில்லையாம். அப்புறம், எந்த மாடி, பார்வை நேரம் காலையில் எத்தனை மணிக்கு என்று மட்டும் கேட்டானாம்.