டொராண்டோவின் மைனஸ் 20 டிகிரிக் குளிரில் சமையலறைக் குழாயில் மட்டும் தண்ணீர் நின்றுவிட்டதா? பைப்புக்குள் நீர் உறைந்திருக்கலாம்.

கொதிநீர் ஊற்றாதீர்கள். குழாயைத் திறந்தே வைத்து, ஹேர் டிரையரால் குழாய்ப் பக்கத்திலிருந்து சுவரை நோக்கிப் பைப்புக்குச் சூடு காட்டுங்கள். உருகும் நீர் வெளியேற வழி வேண்டும்.

குளியலறையில் தண்ணீர் வருகிறதா? அப்படியானால் பெரும்பாலும் வெளிச்சுவரை ஒட்டிய பைப்தான் உறைந்திருக்கும். சிங்க்கின் கீழ் அலமாரியைத் திறந்து தடவிப் பாருங்கள். வெண்பனி பூத்திருக்கும் இடத்தில் அடைப்பு இருக்கலாம். இரவில் அந்தக் கதவை மூடவே வேண்டாம்.

ஆனால் ஒன்று. உறையும் நீர் ஏறத்தாழ 9 சதவீதம் விரியும். பைப் ஏற்கெனவே வெடித்திருந்தாலும் பனி உருகும்வரை கசிவு தெரியாது. ஆகவே சூடு காட்டும் முன்பே, நிலவறையில் வீட்டுத் தண்ணீரை நிறுத்தும் பிரதான வால்வு எங்கே இருக்கிறது, திருகினால் அசைகிறதா என்று பார்த்துவிடுங்கள். சுவரில் ஈரம் கண்டால் உடனே அதை மூடிவிட்டு, பிளம்பரை அழையுங்கள்.