வாட்ச் காட்டும் தூக்கக் கணக்கை வைத்து மனநோயைக் கணிக்கலாமா?

கேள்வி: கடலூர் சிப்காட்டில் ஷிஃப்ட் வேலை பார்க்கும் என் கணவர் பைபோலார் (மிகையெழுச்சியும் மனச்சோர்வும் மாறி மாறி வரும் மனநோய்) பாதிப்புக்கு லித்தியம் மாத்திரை சாப்பிட்டு வருகிறார். அவருடைய ஸ்மார்ட் வாட்ச் காட்டும் தூக்கம், நடை கணக்கைக் கொண்டு நோய் திரும்புவதை முன்கூட்டியே அறியலாமா? அவருக்குத் தெரியாமல் அதை என் போனில் பார்த்து வரலாமா?

பதில்: எச்சரிக்கையாக எடுத்துக்கொள்ளலாம், நோய் திரும்பிவிட்டது என்று அதை வைத்து முடிவுகட்ட முடியாது. மேனியா எனப்படும் மிகையெழுச்சி தலைதூக்குவதற்குச் சில நாள்கள் முன்பே பலருக்குத் தூக்கம் குறைகிறது. அப்படிக் குறைந்தும் களைப்பே தெரியாமல் சுறுசுறுப்பாக இருப்பதுதான் முக்கியமான அறிகுறி. அந்தச் சுறுசுறுப்பை வாட்சைவிட உடனிருக்கும் நீங்களே நன்றாக அறிவீர்கள்.

வாட்ச் தூக்கத்தை நேரடியாக அளப்பதில்லை. கை அசைவையும் நாடித்துடிப்பையும் கொண்டு ஊகிக்கிறது. அசையாமல் படுத்துப் போன் பார்ப்பவரைத் தூங்குவதாகக் கணக்கிடுவதும், நைட் ஷிஃப்ட் முடிந்து பகலில் தூங்கும் தூக்கத்தைத் தவறவிடுவதும் உண்டு. ஆகவே பொதுச் சராசரியோடு ஒப்பிடாமல், அவர் நலமாக இருந்த வாரங்களோடு, அதிலும் நைட் ஷிஃப்ட் வாரத்தை முந்தைய நைட் ஷிஃப்ட் வாரத்தோடு மட்டுமே ஒப்பிடுங்கள். ஐப்பசி மழையில் நடை குறைந்தால் அது மழையால் குறைந்ததாகவும் இருக்கலாம். மாறாக, ஷிஃப்ட் மாறித் தூக்கம் கெடுவதே மேனியாவைத் தூண்டக்கூடும் என்பதால், பகல் ஷிஃப்ட் கேட்பது பற்றி மருத்துவரிடம் அவசியம் பேசுங்கள்.

அமெரிக்காவின் டார்ட்மத் கல்லூரியில் 2013இல் 48 மாணவர்களின் போன் தரவை 10 வாரம் திரட்டியபோது, தூக்க அளவுக்கும் மனச்சோர்வுக்கும் தொடர்பு தென்பட்டது. ஒரு குழுவில் தென்படும் தொடர்பு, தனி ஒருவருக்கான நோயறிதல் ஆகாது.

ரகசியமாகப் பார்ப்பதை நான் ஏற்கவில்லை. தெரியவந்தால் அவர் வாட்சைக் கழற்றிவிடுவதோடு, உங்கள் கையால் மாத்திரை வாங்கவும் மறுக்கலாம். அவர் தெளிவாக இருக்கும்போதே, எத்தனை இரவு தூக்கம் குறைந்தால் மருத்துவரை அழைப்பது என்பதை நீங்கள், அவர், மருத்துவர் மூவரும் பேசி எழுதிக்கொள்ளுங்கள். தமக்கு எப்படிச் சிகிச்சை தர வேண்டும் என்று முன்கூட்டியே எழுதிவைக்கும் உரிமையை 2017ஆம் ஆண்டு மனநலப் பாதுகாப்புச் சட்டமும் அவருக்குத் தருகிறது.

கூடவே ஒரு நோட்டில் தினம் ஒரு வரி எழுதுங்கள்: ‘செவ்வாய், நைட் ஷிஃப்ட், தூக்கம் 3 மணி, களைப்பில்லை, பேச்சு வேகம், மாத்திரை போட்டார்.’ ஜிப்மர் மனநலப் பிரிவுக்கோ உங்கள் மருத்துவரிடமோ செல்லும்போது, வாட்சின் வரைபடத்தோடு இந்த நோட்டையும் காட்டுங்கள். கணக்கைப் பார்த்து மாத்திரை அளவை நீங்களாக மாற்ற வேண்டாம். சாவைப் பற்றி அவர் பேசினால், வாட்ச் என்ன காட்டினாலும் காத்திராமல் மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண் 14416, இரவிலும் தமிழில் பேசலாம்.