மருதாணி போட்டும் நரை ஏன் கறுக்கவில்லை?

காட்பாடியிலிருந்து ஒரு வாசகி கேட்கிறார்: "கடை டை போட்டால் உச்சந்தலை அரிக்கிறது, காதோரம் வீங்குகிறது. அதனால் மருதாணிப் பொடியை இரும்புச் சட்டியில் டீத்தண்ணீர், நெல்லிப்பொடி சேர்த்து ஊறவைத்துப் போடுகிறேன். நரை செம்பட்டையாகத்தான் நிற்கிறது. வீட்டிலேயே கறுப்பாக்க வழி உண்டா?"

உண்டு. ஆனால் மருதாணியால் மட்டும் ஆகாது. அதிலுள்ள லாசோன் என்ற சாயப்பொருள் முடியின் புரதமான கெரட்டினோடு ஒட்டிக்கொண்டு தருவது ஆரஞ்சுச் சிவப்புதான். இரும்பும் நெல்லியின் துவர்ப்பும் சேர்ந்தால் கறுக்கும் என்பது உண்மையே. அந்தக் கறுப்பு சட்டியிலும் உங்கள் விரலிலும் தெரிகிற அளவுக்கு நரையில் தெரியாது. கரிசலாங்கண்ணி, கறிவேப்பிலை எண்ணெய்களும் நரைக்கு நிறம் ஏற்றுவதில்லை.

மருதாணியின் சிவப்பு மேல் அவுரி என்ற செடியின் இலைப்பொடி தரும் நீலம் ஏறினால்தான் கறுப்பு. லாங் பஜார் நாட்டுமருந்துக் கடையில் வெறுமனே 'அவுரி' என்று கேட்காதீர்கள். பேதிக்குக் கொடுக்கும் நிலாவாரையையும் சிலர் அந்தப் பெயரில்தான் விற்கிறார்கள். அதில் நீலம் கிடையாது. 'தலைக்குப் போடும் நீல அவுரி' என்று கேளுங்கள். வாங்கியதும் ஒரு சிட்டிகையை வெந்நீரில் குழைத்து வெள்ளைத் துணியில் வையுங்கள். பச்சையாக இருப்பது காற்றுப் பட்டுக் கொஞ்ச நேரத்தில் நீலம் பாய்ந்தால் நல்ல பொடி.

தோள்வரை முடிக்கு இரண்டிலும் சுமார் 100 கிராம் போதும். மருதாணியை வெதுவெதுப்பான டீத்தண்ணீரில் குழைத்து ஊறவிடுங்கள். நம் வேலூர் வெயிலுக்கு மூன்று, நான்கு மணி நேரமே அதிகம். இரவெல்லாம் வைக்க வேண்டாம். எண்ணெய்ப் பசையில்லாத தலையில் பூசி, இரண்டு மூன்று மணி நேரம் கழித்துத் தண்ணீரில் மட்டும் அலசுங்கள்.

அப்புறம் அவுரி. பலர் கோட்டை விடுவது இங்கேதான். மருதாணிக்கு ஒத்துப்போகும் எலுமிச்சை, தயிர், டீ எதுவும் இதற்கு ஆகாது. புளிப்பு பட்டால் நீலம் சரியாக ஏறாது. வெதுவெதுப்பான தண்ணீர், ஒரு சிட்டிகை உப்பு, தயிர்ப் பதம், அவ்வளவுதான். பத்துப் பதினைந்து நிமிடத்தில் பூச ஆரம்பித்துவிடுங்கள். நேரம் போனால் நீலம் கிண்ணத்திலேயே முற்றிவிடும், முடியில் ஏறாது. ஈர முடியில் அடிவரை பூசி, காயாமல் பிளாஸ்டிக் தொப்பி போட்டு ஒன்றரை மணி நேரம் வைத்து அலசுங்கள். முதல் நாள் பச்சை கலந்த மாதிரி தெரிந்தால் பயப்பட வேண்டாம், இரண்டு நாளில் கறுக்கும். அதுவரை சீயக்காய், ஷாம்பு இரண்டும் கூடாது.

போர்த் தண்ணீர் உப்பாக இருந்தால் முடி நார் போலாகும். குழைக்கக் கேன் தண்ணீரையும், கடைசி அலசலுக்குக் காவிரிக் குழாய்த் தண்ணீர் ஒரு குடமும் எடுத்து வையுங்கள்.

உங்கள் வீக்கத்தைச் சாதாரணமாக விடாதீர்கள். அது பெரும்பாலும் டையிலுள்ள பிபிடி என்ற ரசாயனத்தின் ஒவ்வாமை. 'ஹெர்பல்', 'கறுப்பு மருதாணி' என்று எழுதி, அரை மணியில் கறுக்கும் என்கிற பாக்கெட்டுகளிலும் அது இருக்கலாம். வெறும் இலையால் அவ்வளவு சீக்கிரம் நரை கறுக்காது. பொடிகளைத் தனித்தனியாக முழங்கை உட்புறம் தடவி இரண்டு நாள் பாருங்கள். ஜி6பிடி குறைபாடு (ரத்தச் சிவப்பணுக்களைக் காக்கும் ஒரு நொதி பிறவியிலேயே குறைவாக இருப்பது) உள்ள வீடுகளில் குழந்தைகளுக்கு மருதாணியே வேண்டாம், ரத்த அணுக்கள் சிதையலாம். முகம் வீங்கினாலோ மூச்சு முட்டினாலோ உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.

முடி மாதம் ஒரு சென்டிமீட்டர் அளவு வளரும். அடுத்த முறை முழுத்தலைக்கும் போடாமல் வேர்ப்பகுதிக்கு மட்டும் போட்டால் 30, 40 கிராமிலேயே முடிந்துவிடும். மிச்சமான மருதாணிக் குழம்பை ஃப்ரீசரில் வைக்கலாம். அவுரியை அன்றன்றைக்குத்தான் குழைக்க வேண்டும்.