உல்லாசக் கப்பலில் அப்படி என்ன சுகம்? அலாஸ்கா போய்வந்தவளின் பதில்

கேள்வி: உல்லாசக் கப்பல் பயணத்தில் அப்படி என்ன சுகம் இருக்கிறது? ஒரு வாரம் தண்ணீரையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தால் சலித்துப்போகாதா? ஊரிலிருந்து வரும் வயதான பெற்றோரை அழைத்துப் போகலாமா?

சலிக்காது. பெற்றோரையும் தாராளமாக அழைத்துப் போகலாம். ஆனால் எந்தக் கடல், எந்தக் கரை என்பதைப் பொறுத்துத்தான் இந்தப் பதில். நான் சொல்வது அமெரிக்காவின் சியாட்டிலில் ஏறி, அலாஸ்காவின் தென்கிழக்குக் கரையோரமாகப் போய்த் திரும்பும் ஒரு வாரப் பயணத்தைப் பற்றி. மாமனார், மாமியார், கணவர், பள்ளிக்குப் போகும் மகன் எல்லோருமாகப் போனோம்.

கப்பல் நிறுவனங்கள் விளம்பரத்தில் காட்டுகிற சுகம் வேறு, நாங்கள் அனுபவித்தது வேறு. நீர்ச்சறுக்கு, சூதாட்டக் கூடம், மேடை நடனம், ஓவிய ஏலம், தள்ளுபடி விலையில் கைக்கடிகாரம் எல்லாம் கப்பலில் உண்டு. அவற்றுக்காகக் கடலில் ஏற வேண்டிய அவசியமில்லை, நல்ல வணிக வளாகம் போதும். கப்பலில் மட்டுமே கிடைப்பது ஒன்றுதான்: அது ஓடுகிற திண்ணை. நாம் உட்கார்ந்த இடத்திலேயே உட்கார்ந்திருக்கலாம். மலையும் காடும் தீவும் ஊரும் நம் முன்னால் தாமாகவே நகர்ந்து போகும்.

வயதானவர்களோடு காரில் சுற்றுலா போனவர்களுக்கு இதன் அருமை தெரியும். தினமும் காலையில் பெட்டியைக் கட்ட வேண்டும், மாலையில் வேறொரு விடுதியில் அவிழ்க்க வேண்டும், நடுவில் கழிப்பறை எங்கே என்று தேட வேண்டும். என் மாமியாருக்கு முழங்கால் வலி. இரண்டு மணி நேரத்துக்கு மேல் காரில் உட்கார்ந்தால் இறங்கும்போது முகமே மாறிவிடும். கப்பலில் முதல் நாள் மதியம் பெட்டியைத் திறந்து புடவைகளை அலமாரியில் அடுக்கியவர், கடைசி நாள் இரவுதான் மறுபடி பெட்டியைத் தொட்டார். இரவெல்லாம் கப்பல் மணிக்கு முப்பது, முப்பத்தைந்து கிலோமீட்டர் வேகத்தில் போய்க்கொண்டிருக்கும். திரைச்சீலையை விலக்கினால் வேறு ஊர்.

அலாஸ்கா இந்தப் பயணத்துக்கென்றே அமைந்த கரை. வெளிப்பக்கம் தீவுகள் வரிசையாக நின்று பசிபிக்கின் அலையைத் தடுத்துவிடுகின்றன. உள்ளே கால்வாய் போன்ற நீர்வழி. இரண்டு பக்கமும் தேவதாரு, ஊசியிலைக் காடு, அதற்கு மேல் பனி படிந்த மலை. ஜூனில் இரவு பத்து மணி வரை வெளிச்சம் இருக்கும். மாநிலத் தலைநகரான ஜூனோவுக்கே வெளியூர்களிலிருந்து சாலை கிடையாது. விமானத்தில் போகலாம், இல்லையென்றால் படகிலோ கப்பலிலோ போகலாம். அதனால் கப்பலில் போவது இங்கே ஆடம்பரம் என்பதைவிட, அந்த ஊருக்குப் போகிற இயல்பான வழி என்றே எனக்குத் தோன்றியது.

முழு ஒரு வாரத்தில் எனக்கு மறக்கவே முடியாத நாள், கரையில் காலே வைக்காத நாள். அன்று கப்பல் கிளேசியர் பே தேசியப் பூங்காவுக்குள் போனது. கோடையில் ஒரு நாளைக்கு இரண்டு பெரிய பயணக் கப்பல்களுக்கு மேல் அங்கே அனுமதியில்லை. காலையில் வளைகுடாவின் வாயிலில் ஒரு சிறு படகு கப்பலோடு ஒட்டி ஓடிவந்தது. இரண்டும் ஓடிக்கொண்டிருக்கும்போதே, கப்பலின் விலாவில் தொங்கிய ஏணியைப் பிடித்துப் பூங்காக் காவலர்கள் ஏறிவந்தார்கள். அன்று முழுவதும் ஒலிபெருக்கியில் வேறு விளம்பரம் எதுவும் வரவில்லை, அவர்களுடைய குரல்தான்.

அவர்கள் சொன்ன கதை இது. ஹூனா டிலிங்கிட் என்ற பழங்குடி மக்கள் அங்கே ஊர் அமைத்து வாழ்ந்திருக்கிறார்கள். 18ஆம் நூற்றாண்டில் பனியாறு முன்னேறி வந்து அவர்களை வெளியே துரத்தியது. 1794இல் பிரிட்டிஷ் கடற்படைத் தளபதி ஜார்ஜ் வான்கூவரின் மாலுமிகள் வந்து பார்த்தபோது இன்றைய வளைகுடா பெரும்பாலும் பனிக்குள் இருந்தது. வாயிலுக்குச் சற்று உள்ளேயே பனிச்சுவர் மறித்து நின்றது. 1879இல் இயற்கையியலாளர் ஜான் மியூர் வந்தபோது அந்தச் சுவர் வெகுதூரம் பின்வாங்கியிருந்தது. இன்று கப்பல் அதே வழியில் ஏறக்குறைய நூறு கிலோமீட்டர் உள்ளே போகிறது. சுற்றுலா வழிகாட்டி இந்த வரலாற்றைப் பேருந்தில் சொல்லியிருந்தால் காதில் வாங்கியிருக்கமாட்டேன். பனி இருந்த இடத்தின் மேலேயே மணிக்கணக்கில் மிதந்துகொண்டு கேட்டதால் அந்தத் தூரம் உடம்புக்கே புரிந்தது. உள்ளே போகப் போக மலைகளில் மரங்கள் குறைந்து, புதர்களாகி, கடைசியில் வெறும் பாறை மட்டும் தெரிந்தது. பனி விலகி எத்தனை காலமாயிற்றோ, அந்த அளவுக்குத்தான் பச்சை.

கோடியில் மார்ஜரி பனியாறு. முகப்பு ஒன்றரைக் கிலோமீட்டருக்கு மேல் அகலம், நீர்மட்டத்துக்கு மேல் சுமார் 75 மீட்டர் உயரம். தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தைவிட உயரம் என்று கணவர் சொன்னதும், தஞ்சாவூரில் பிறந்த மாமியார் நம்பமறுத்து மறுபடி ஒருமுறை அண்ணாந்து பார்த்தார். பனி வெண்மையாக இல்லை. விரிசல்களுக்குள் நல்ல நீலம். நூற்றாண்டுக் கணக்கில் அழுந்திக் காற்றுக்குமிழ்கள் வெளியேறிப்போன கெட்டிப் பனி, ஒளியின் சிவப்பை விழுங்கிவிடும், நீலத்தை மட்டும் வெளியே விடும். கப்பல் இன்ஜினைத் தணித்து, நின்ற இடத்திலேயே மெல்லத் திரும்பியது. எல்லாப் பக்கத்துக் கேபின்காரர்களும் பார்க்கட்டும் என்றுதான். முகப்பிலிருந்து ஒரு துண்டு பிளந்து தண்ணீரில் சரிவது முதலில் கண்ணுக்குத் தெரிகிறது. அது விழுந்து நுரை கிளம்பின பிறகுதான் இடிச்சத்தம் வந்து சேர்கிறது. மகன் அந்த இடைவெளியை விரல் விட்டு எண்ணிக்கொண்டிருந்தான்.

மாமியார் கப்பல்காரர்கள் கொடுத்த கம்பளியைச் சுற்றிக்கொண்டு பால்கனி நாற்காலியை விட்டு அசையவில்லை. மதிய உணவுக்குப் பக்கத்துக் கேபின்காரர்கள் எழுந்து போனபோது, "சாப்பாடு எங்கே ஓடிப்போகிறது? இதை விட்டுவிட்டுப் போகிறார்களே" என்று அவர்களுக்காக வருத்தப்பட்டார். கீழே பஃபேயில் போய்த் தட்டில் வைத்துக்கொண்டு வந்து கொடுத்தோம்.

மாமனாருக்குப் பனியைவிட ஸ்காக்வே என்ற துறைமுக ஊர்தான் பிடித்தது. அவர் பொன்மலை ரயில்வே பணிமனையில் ஃபிட்டராக இருந்து ஓய்வுபெற்றவர். நீலகிரி மலை ரயிலின் இன்ஜின்களைக் கழற்றி மாட்டிய கை. ஸ்காக்வேயில் ஒயிட் பாஸ் என்ற மலைக்கணவாய்க்கு ஏறும் ரயில் கப்பல்துறைக்கே வந்து நிற்கிறது. கப்பலிலிருந்து இறங்கிச் சிறிது தூரம் நடந்தால் ரயிலில் ஏறிவிடலாம். 1896இல் கனடாவின் கிளாண்டைக் பகுதியில் தங்கம் கிடைத்த செய்தி பரவி, 1897, 1898இல் பல்லாயிரம் பேர் இந்த வழியாக ஓடினார்கள். ஓராண்டுக்கான சாமான், ஏறக்குறைய ஒரு டன், கொண்டுவந்தால்தான் கனடா எல்லையில் உள்ளே விட்டார்கள். முதுகில் சுமந்து, திரும்பி வந்து, மறுபடி சுமந்து ஏறியிருக்கிறார்கள். இந்தக் கணவாயில் மட்டும் சுமார் 3,000 குதிரைகள் செத்தன என்கிறார்கள். அந்தச் சிரமத்தைத் தீர்க்க 1898இல் தொடங்கிய ரயில்பாதை 1900இல் முடிந்தபோது தங்க வேட்டையே முடிந்துபோயிருந்தது!

மாமனாருக்குக் குதிரைகளைப் பற்றியெல்லாம் அக்கறை இல்லை. கடல்மட்டத்திலிருந்து 32 கிலோமீட்டரில் 873 மீட்டர் ஏறுகிற பாதை, இருப்புப்பாதை அகலம் மூன்றே அடி. "பல்சக்கரம் எங்கே?" என்று ஆரம்பித்துவிட்டார். நீலகிரி ரயிலில் கல்லாறுக்கும் குன்னூருக்கும் நடுவே பன்னிரண்டு அடிக்கு ஓரடி ஏற்றம், அதனால் பல்சக்கரம் இல்லாமல் முடியாது. இங்கே ஏறக்குறைய இருபத்தாறுக்கு ஒன்று, சாதாரணச் சக்கரமே ஏறிவிடும். நான் மொழிபெயர்க்க, நடத்துநர் பொறுமையாகப் பதில் சொன்னார். மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்கு முதல் ரயில் போன 1899ஆம் ஆண்டிலேயே இந்தப் பாதையும் உச்சியைத் தொட்டிருக்கிறது என்று தெரிந்ததும், ஏதோ சொந்தக்காரரைப் பார்த்ததுபோல அவருக்கு மகிழ்ச்சி. உச்சியில் இன்ஜினைக் கழற்றி மறுமுனையில் மாட்டும் நேரத்தில், இருக்கைகளின் சாய்மானத்தைப் புரட்டி எதிர்த்திசை பார்த்து உட்காரச் சொன்னார்கள். எல்லோரும் ஜன்னல் வழியே பள்ளத்தாக்கைப் படம் எடுத்துக்கொண்டிருக்க, அவர் குனிந்து அந்தச் சாய்மானம் புரளுகிற கீலை இரண்டு மூன்று முறை ஆட்டிப் பார்த்தார்.

ஜூனோவில் மெண்டன்ஹால் பனியாறு, கெட்சிக்கனில் தூண்கள் மேல் நிற்கும் மரத்தெருவும், பழங்குடியினர் உருவங்கள் செதுக்கிய டோட்டம் கம்பங்களும், பிறகு மழை. கெட்சிக்கனில் ஆண்டுக்கு 3,500 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்கிறது, சென்னையில் பெய்வதைப் போல இரண்டு மடங்குக்கும் மேல். குடையை மறக்கவேண்டாம்.

சாப்பாட்டைப் பற்றிக் கேட்பீர்கள். சைவக்காரர்கள் பட்டினி கிடக்க வேண்டியதில்லை. முதல் நாள் இரவே தலைமைப் பரிமாறுநரிடம் சொல்லிவைத்தால் மறுநாள் மாலை பருப்பு, சப்பாத்தி, இரண்டு காய் என்று தனியாகச் செய்து தருகிறார்கள். சமையலறையில் இந்தியர்கள் நிறையப் பேர் வேலை செய்கிறார்கள். எங்கள் மேசைக்குப் பரிமாறியவர் தூத்துக்குடிப் பக்கத்தவர். மாத சம்பளம், குழந்தை பிறந்ததே கடலில் இருக்கும்போதுதான் என்பதெல்லாம் மூன்றாம் நாளே மாமியாருக்குத் தெரிந்துவிட்டது. மாதக்கணக்கில் ஒருநாள்கூட விடுப்பில்லாத ஒப்பந்தம். நம்முடைய சுகம் இவர்கள் முதுகின் மேல்தான் நிற்கிறது, டிப்ஸ் கொடுப்பதில் கணக்குப் பார்க்காதீர்கள்.

இன்னொரு சுகம், குடும்பம் பிரிந்து போய் மறுபடி சேர்வது. விடுதியிலோ வேறு ஊரிலோ எல்லோரும் ஒரே நேரத்தில் ஒரே இடத்துக்குப் போயாக வேண்டும். கப்பலில் மகன் குழந்தைகள் மன்றத்துக்கு ஓடிவிடுவான். மாமனார் காலையில் மேல்தளத்தைச் சுற்றி நடப்பார். கணவர் தூங்குவார். இணைய இணைப்புக்குத் தனிக் கட்டணம் என்பதால் யாரும் யாரையும் கைபேசியில் தேடவில்லை. மாலை உணவு மேசையில் கூடும்போது ஒவ்வொருவரிடமும் சொல்வதற்கு ஒன்று இருந்தது. ஒரே வீட்டில் இருக்கும்போது எங்களுக்கு இப்படிப் பேச்சு அமைந்ததில்லை.

குறை இல்லாமல் இல்லை. துறைமுகத்தில் இறங்கியதும் கண்ணில் படுவது வரிசையாக நகைக்கடைகள். பெரிய கப்பல்கள் ஒரே நாளில் வந்து குவிவதை ஜூனோ மக்களே தாங்காமல், 2024 முதல் ஒரு நாளைக்கு ஐந்து என்று கப்பல் நிறுவனங்களோடு ஒப்பந்தம் செய்துகொண்டார்கள். உருகும் பனியைப் பார்க்க எண்ணெய் எரித்துக்கொண்டு போகிறோமே என்ற உறுத்தல் எனக்கு இருந்தது, இப்போதும் இருக்கிறது. சியாட்டில் கப்பல்கள் பெரும்பாலும் வான்கூவர் தீவுக்கு வெளிப்புறமாகப் போவதால் அந்தப் பகுதியில் திறந்த கடல் ஆட்டும். தலைசுற்றலுக்கு மாத்திரையை முதல் நாளே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். கப்பலின் நடுப்பகுதியில், தாழ்ந்த தளத்தில் கேபின் எடுத்தால் ஆட்டம் குறைவு. பஃபேக்கு நேர் கீழே மட்டும் வேண்டாம், விடியற்காலையில் நாற்காலி இழுக்கிற சத்தம் தலைக்கு மேல் கேட்கும். விளம்பரத்தில் காட்டும் கட்டணத்தோடு வரி, டிப்ஸ், இணையம், ரயில் போன்ற கரைச் சுற்றுலாக்கள் எல்லாம் சேரும் என்பதை நினைவில் வையுங்கள். இளம் தம்பதி என்றால் ஜன்னல் இல்லாத உள்கேபினே போதும், பகலெல்லாம் மேல்தளத்தில் இருந்துவிடலாம். நடக்கச் சிரமப்படுகிற பெற்றோர் வந்தால் பால்கனிக்குக் கொடுக்கும் பணம் வீண்போகாது. கிளேசியர் பேவுக்குள் எல்லாக் கப்பலும் போவதில்லை, பயணத்திட்டத்தில் அந்தப் பெயர் இருக்கிறதா என்று பார்த்து முன்பதிவு செய்யுங்கள். மே மாதத்தில் மழையும் குறைவு, கட்டணமும் குறைவு.

கடைசியாக, பெற்றோருக்கு விசா. அமெரிக்கக் கொடி இல்லாத கப்பல்கள் அமெரிக்கத் துறைமுகத்தில் ஆட்களை ஏற்றிச் சுற்றிவந்து இறக்க வேண்டுமானால் நடுவில் ஒரு வெளிநாட்டுத் துறைமுகத்தைத் தொட வேண்டும் என்று 1886ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று இருக்கிறது. பெரிய கப்பல்கள் பெரும்பாலும் பஹாமாஸ், பனாமா போன்ற நாடுகளின் கொடியில் ஓடுகிறவை. அதனால் சியாட்டில் கப்பல்கள் திரும்பும் வழியில் ஒரு மாலைப்பொழுது கனடாவின் விக்டோரியாவில் நிற்கும். இந்தியப் பாஸ்போர்ட்டில் வரும் பெற்றோர் அங்கே இறங்காமல் கேபினிலேயே படுத்திருந்தாலும் கனடா விசா வேண்டும், இல்லையென்றால் சியாட்டிலிலேயே கப்பலில் ஏற்ற மறுத்துவிடுவார்கள். அமெரிக்க விசாவும் பலமுறை நுழையக்கூடியதாக இருக்க வேண்டும். கனடா விசாவுக்குச் சில மாதங்கள்கூட ஆகலாம், ஆகவே கப்பல் டிக்கெட்டுக்கு முன்னால் அந்த விண்ணப்பத்தைத் தொடங்குங்கள்.